இருந்தால்… இல்லாவிட்டால்… – ஒரு நீண்ட வரியின் கதை

பழைய கிரயப் பத்திரம் வீட்டில் இருந்தால் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஆரம்பித்த வாக்கியம் மூன்றாம் பக்கத்தில்தான் மூச்சு விடும். இன்னார் காலமாகி, அவருக்கு வாரிசு இன்னாராக இருக்கும்பட்சத்தில், முன் சொன்ன கடன் தீர்ந்திருந்தால், தீராமல் வட்டி மட்டும் கட்டியிருந்தாலும் என்று நிபந்தனைகள் வரிசை கட்டி நிற்கும். நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதனால் இத்தனையையும் தலையில் சுமந்துகொண்டே போய், முடிவில்தான் சொத்து யாருக்கு என்று தெரியும். படித்து முடித்தவர் மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து தொடங்குவார்.

இதே தொல்லை கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்களுக்கும் உண்டு. அலுவலகங்களில் எக்செல் பயன்படுத்தியவர்களுக்கு மேக்ரோ என்ற சொல் தெரிந்திருக்கும். தினமும் கையால் செய்கிற கணக்கை ஒருமுறை கட்டளைகளாக எழுதி வைத்துவிட்டால், பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே செய்துவிடும். அந்தக் கட்டளைகளின் உயிர்நாடி 'இஃப்' என்ற சொல். இப்படி இருந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய். ஒரு நிபந்தனை என்றால் சுலபம். ஏழெட்டு சேர்ந்துவிட்டால் கிரயப் பத்திரம்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மேக்ரோவை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். நம் வசதிக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

இஃப் (வகை = "ஓய்வூதியர்" ஆர் வகை = "குடும்பம்") அண்ட் நாட் (சான்று = "இல்லை" ஆர் நிறுத்தம் = "உண்டு") அண்ட் வயது > 80 அண்ட் வயது < 85 தென் கூடுதல் = அடிப்படை * 0.2

இது ஒரே வரி. இதன் கீழே 85, 90, 95, 100 என்று வயதுக்கு ஒரு வரி வீதம் இன்னும் நான்கு வரிகள் இதே மாதிரி. என்ன கணக்கு என்று நம்மில் பலர் கண்டுபிடித்திருப்பீர்கள். 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, 100 வயதுக்கு 100 சதவீதம். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 1.1.2006 முதல் நடைமுறைக்கு வந்தது. குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு.

அந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது. படித்த வேகத்தில் கண்ணில் பட்டிருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இப்படிப்பட்ட வரிகள் எங்கிருந்து வந்தன, அவற்றைப் படிக்கும்படி செய்ய யார் யார் என்னென்ன வழி கண்டார்கள் என்று பார்த்துவிடுவோம். அறுபது எழுபது ஆண்டுக் கதை அது.

முச்சந்தியில் நின்ற ஃபோர்ட்ரான்

1957-ல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவரின் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. ஐபிஎம் 704 என்ற பெரிய எந்திரத்துக்காக எழுதப்பட்டது. அதில் 'இஃப்' உண்டு. ஆனால் நாம் நினைக்கும் 'இஃப்' இல்லை. அடைப்புக்குறிக்குள் ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும். பின்னால் மூன்று எண்கள். விடை பூஜ்யத்துக்குக் குறைவாக இருந்தால் முதல் எண்ணுள்ள வரிக்குப் போ, பூஜ்யமே என்றால் இரண்டாவதுக்கு, அதிகமானால் மூன்றாவதுக்கு. முச்சந்தியில் நின்று வழி காட்டும் போலீஸ்காரர் மாதிரி. 'இரண்டும் உண்மையானால்' என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துச் சொல்ல வழியில்லை. ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்திக்குத் தாவித் தாவித்தான் போக வேண்டும். எந்திரத்துக்கு அது கஷ்டமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்தான் விரலை வைத்து வழி தேட வேண்டும்.

ஆனால் அந்த ஃபோர்ட்ரானிலேயே படிப்பவருக்காக இரண்டு வசதிகள் இருந்தன. அப்போது கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகளில் அடித்தார்கள். அட்டையின் முதல் பத்தியில் 'சி' என்ற எழுத்து இருந்தால், அது வெறும் விளக்கக் குறிப்பு, எந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. ஆறாவது பத்தியில் ஏதாவது குறி இருந்தால், இது போன அட்டையின் தொடர்ச்சி. அதாவது நீண்ட வரியை மடித்து எழுதலாம். இன்று எக்செல் மேக்ரோவில் வரியை மடிக்க ஓர் இடைவெளி விட்டு அடிக்கோடு போடுகிறோமே, அதன் தாத்தா இந்த ஆறாம் பத்தி.

மடித்து எழுதுவது சின்ன விஷயமாகத் தோன்றும். மளிகைக் கணக்கை ஒரே வரியில் எழுதினால் யாராவது கூட்டிச் சரிபார்ப்பார்களா? ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால்தான் கண் ஓடும். நிபந்தனையும் அப்படியே. ஒவ்வொரு 'அண்ட்' சொல்லையும் புது வரியின் தொடக்கத்தில் வைத்து எழுதினால், எத்தனை நிபந்தனை, எது விட்டுப்போனது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மேக்ரோவில் ஒரு கட்டளையை இப்படி 24 முறை வரை மடிக்கலாம். அதற்கு மேல் அதுவே முரண்டு பிடிக்கும். அந்த அளவுக்குப் போனால் வேறு வைத்தியம் தேவை என்று பொருள்.

சதுரங்கம் ஆடப் போய்

1957-58 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி கல்வி நிலையத்தில் ஜான் மெக்கார்த்தி என்ற பேராசிரியர் ஃபோர்ட்ரானில் சதுரங்கம் ஆடும் நிரல் எழுதிக்கொண்டிருந்தார். முச்சந்தி 'இஃப்' அவருக்குச் சரிப்படவில்லை. 'இது உண்மையானால் இந்த மதிப்பு, இல்லையேல் அந்த மதிப்பு' என்று தருகிற ஒரு சின்னத் துணைநிரலைத் தானே எழுதிக்கொண்டார். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் ஒரு சங்கடம். எது தேவையோ அதை மட்டும் கணக்கிடாமல், இரண்டு மதிப்புகளையும் கணக்கிட்டு முடித்த பிறகுதான் அது ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. வீண் உழைப்பு. ஆகவே தேவையான பக்கத்தை மட்டும் கணக்கிடும் நிபந்தனைக் கோவை மொழியிலேயே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவர் உருவாக்கிய லிஸ்ப் மொழியில் அது இடம்பெற்றது. ஆல்கால் மொழிக்கும் அவர் அதை முன்மொழிந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் 1950-களில் பட்ட அதே சங்கடம் இன்றைய எக்செல் மேக்ரோவிலும் அப்படியே இருக்கிறது. 'ஐஇஃப்' என்று ஒன்று அதில் உண்டு. இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டுவிட்டுத்தான் ஒன்றைத் தரும். 'அண்ட்' சொல்லும் அப்படித்தான். 'ஆட்கள் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்து, மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தால் 100-க்கு மேல் வந்தால்' என்று ஒரே வரியில் எழுதினால், எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும்போதும் அது வகுக்கப் போய்ப் பிழை என்று நின்றுவிடும். 2002-ல் வந்த விஷுவல் பேசிக் டாட் நெட்டில் இதற்கென்றே 'அண்ட்ஆல்ஸோ' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். எக்செல் மேக்ரோவுக்கு அது வரவில்லை. அதனால் அங்கே இரண்டு 'இஃப்' எழுதித்தான் ஆக வேண்டும். நீண்ட வரியை உடைப்பது அழகுக்காக மட்டும் இல்லை, சில நேரம் கணக்கு சரியாக வருவதற்கே தேவை.

இந்த 'இல்லாவிட்டால்' யாருடையது?

"மழை பெய்தால், குடை இருந்தால் நடந்து வா, இல்லையென்றால் பஸ்ஸில் வா" என்று பேரனிடம் சொல்கிறோம். மழை இல்லையென்றால் பஸ்ஸா, குடை இல்லையென்றால் பஸ்ஸா? பேரன் புத்திசாலி, புரிந்துகொள்வான். கம்ப்யூட்டருக்கு அந்தச் சமயோசிதம் கிடையாது.

1960-ல் ஆல்கால் மொழியை வகுத்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. ஒரு 'இஃப்' வயிற்றுக்குள் இன்னொரு 'இஃப்' வந்தால், பின்னால் வரும் 'எல்ஸ்' எந்த 'இஃப்'புக்குச் சொந்தம்? 'தென்' சொல்லுக்கு அடுத்து நேரடியாக இன்னொரு 'இஃப்' வரக் கூடாது, தொடக்கம் முடிவு என்று வேலி போட்டுத்தான் எழுத வேண்டும் என்று விதித்தார்கள். பிறகு வந்த ஆல்கால் 68 மொழி, ஒவ்வொரு 'இஃப்'புக்கும் தனியாக ஒரு முடிவுச் சொல் வைத்தது. எக்செல் மேக்ரோவில் நாம் போடும் 'எண்ட் இஃப்' அந்த வழியில் வந்ததுதான். ஒரே வரியில் இரண்டு 'இஃப்' எழுதினால் 'எல்ஸ்' பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். எழுதியவர் நினைத்தது வேறாக இருக்கலாம்.

இதில் எது மனிதனுக்குச் சுலபம் என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் சைம், கிரீன், கெஸ்ட் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள், கம்ப்யூட்டர் தெரியாத சாதாரண மனிதர்களை உட்காரவைத்து நிபந்தனைகள் எழுதச் சொன்னார்கள். 1973-ல் வந்த முதல் ஆய்வில், தாவிச் செல்லும் முறையைவிட, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் 'இஃப்–எல்ஸ்' முறை புதியவர்களுக்கு எளிது என்று கண்டார்கள். 1977-ல் இன்னொரு படி போனார்கள். வெறும் 'எல்ஸ்' என்று விடாமல், 'சாறுள்ளது இல்லையென்றால்' என்பது போல நிபந்தனையையே அந்த இடத்தில் திரும்பச் சொன்னால், முடியும் இடத்திலும் அதையே எழுதி முடித்தால், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவது இன்னும் சுலபமாகிறது என்று தெரிந்தது.

எக்செல் மேக்ரோவில் 'எல்ஸ்' சொல்லுக்குப் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு ஒரு குறிப்பு எழுதலாம். 'சான்று தராதவர்கள் இதற்குக் கீழே' என்று நான்கு வார்த்தை எழுதினால் போதும். பழைய இலக்கிய நூல்களுக்குப் பதவுரை எழுதியவர்கள் செய்தது அதைத்தான்.

நம்ம ஊர் கோபால் இல்லை

வியாபாரக் கணக்குகளுக்காக 1959-60-ல் உருவானது கோபால் மொழி. பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும். வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம் என்று எங்கும் ஓடிய மொழி. அதில் ஆரம்பகாலத்திலிருந்தே ஒரு நல்ல பழக்கம். 88 என்ற எண்ணைப் போட்டு ஒரு நிபந்தனைக்குப் பெயர் வைக்கலாம். 'நிலைக் குறி 3 என்றால்' என்று நூறு இடத்தில் எழுத வேண்டாம். குறி 3 என்பதற்கு 'ஓய்வு பெற்றவர்' என்று ஓரிடத்தில் பெயர் வைத்துவிட்டு, மற்ற இடங்களிலெல்லாம் 'ஓய்வு பெற்றவர் என்றால்' என்று எழுதலாம். நாளைக்குக் குறி 3 போய் 7 ஆனாலும் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1950-களின் இறுதியில், சிக்கலான விதிகளை வாக்கியமாக எழுதாமல் கட்டம் போட்டு எழுதத் தொடங்கினார்கள். மேலே நிபந்தனைகள், கீழே செய்ய வேண்டியவை, நடுவில் ஆம், இல்லை. முடிவு அட்டவணை என்று சொல்லலாம். அதிலிருந்து டேப்சால் என்ற மொழியே பிறந்தது. 1962-ல் கோபால் மொழிக்கு ஏற்றபடி டீடேப்-எக்ஸ் என்ற ஒன்றும் வந்தது. கட்டம் போடுவதில் ஒரு லாபம் உண்டு. ஆம், இல்லை என்ற ஐந்து நிபந்தனைகள் இருந்தால் மொத்தம் 32 வகை வரும். கட்டத்தில் 30 மட்டும் நிரம்பியிருந்தால், விட்டுப்போன இரண்டு வகையும் வெறும் கட்டமாகப் பளிச்சென்று கண்ணில் படும். நீண்ட வாக்கியத்தில் விட்டுப்போனது கண்ணில் படவே படாது.

மூன்றாவது வழி, ஒரே பொருளைப் பல மதிப்புகளோடு ஒப்பிடும்போது 'இஃப்' வரிசையை விட்டுவிட்டு, 'இந்த மதிப்பானால் இது' என்று பட்டியல் போடுவது. டோனி ஹோர் என்ற ஆங்கிலேய அறிஞர் முன்வைத்த இந்த 'கேஸ்' அமைப்பு, அவரும் நிக்லாஸ் விர்த்தும் 1966-ல் தந்த ஆல்கால் டபிள்யூ மொழியில் இடம்பெற்றது. எக்செல் மேக்ரோவில் 'செலக்ட் கேஸ்' என்று இருப்பது இதன் பேரப்பிள்ளை.

பெயர் வைப்பது, கட்டம் போடுவது, பட்டியல் இடுவது. மூன்றும் 1966-க்குள் கைக்கு வந்துவிட்டன. பிறகு ஏன் இன்றும் கிரயப் பத்திரம் எழுதுகிறோம்?

பேரேட்டுக்கு வந்த வழி

1964 மே மாதம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் மொழியை ஓடவிட்டார்கள். கணிதம், அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதில் 'இஃப்' மிக எளியது. ஒரே ஒரு ஒப்பீடு, பின்னால் ஒரு வரி எண். எளிமைக்காகச் செய்தார்கள். ஆனால் பெரிய வேலை என்றால் மறுபடி தாவல்தான். 1968-ல் டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா, இந்தத் தாவல் கட்டளையே தீங்கானது என்று ஒரு சஞ்சிகைக்குக் கடிதம் எழுதிப் பெரிய விவாதம் கிளப்பினார்.

1979-ல் பிரிக்ளின், ஃபிராங்க்ஸ்டன் இருவரும் விசிகால்க் என்ற பேரேட்டு மென்பொருளைத் தந்தார்கள். 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வந்தது. மேக்ரோ என்ற சொல்லை அலுவலகங்களில் பரப்பியது இதுதான். அதில் மேக்ரோ எழுதத் தனி இடம் கிடையாது, பேரேட்டின் கட்டங்களுக்குள்ளேயே எழுத வேண்டும். முதல் பதிப்பில் கட்டளைகள் சாய்கோடும் இரண்டு எழுத்துமாக மந்திரம் போல இருந்தன. 1985-ல் வந்த இரண்டாம் பதிப்பில் நெளிவு அடைப்புக்குள் முழுச் சொற்களாக எழுத முடிந்தது. அதன் 'இஃப்' விசித்திரமானது. உண்மையானால் அதே கட்டத்தில் மிச்சமிருப்பதைச் செய்யும், பொய்யானால் கீழ்க் கட்டத்துக்கு இறங்கும்.

அந்த நாளில் லோட்டஸ் கற்றவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. மூன்று பத்திகள் வைப்பார்கள். இடப் பக்கம் பெயர், நடுவில் கட்டளை, வலப் பக்கம் விளக்கம். நம் கையெழுத்துப் பேரேட்டில் விவரம், தொகை, குறிப்பு என்று போடுவது மாதிரி. கணக்கு எழுதியவர்களுக்கு அது கைவந்த கலை.

1993-ல் வெளியான எக்செல் 5 பதிப்பில், பேசிக் மொழியின் வாரிசான விபிஏ மேக்ரோ மொழியாக வந்தது. அதற்குள் பேசிக் நன்றாக வளர்ந்துவிட்டது. 'எல்ஸ்இஃப்', 'எண்ட் இஃப்', 'செலக்ட் கேஸ்' எல்லாம் உண்டு. ஆனால் அதை எழுதியவர்கள் பெரும்பாலும் கணக்கர்கள், பண்டகக் காப்பாளர்கள், பள்ளி எழுத்தர்கள். யாரும் வகுப்பில் உட்கார்ந்து படிக்கவில்லை. கட்டத்துக்குள் ஃபார்முலா எழுதிப் பழகிய கை அதே மாதிரி மேக்ரோவையும் எழுதியது. கட்டத்துக்குள் 2003 பதிப்பு வரை 'இஃப்'பை ஏழு அடுக்குக்கு மேல் வைக்க முடியாது. 2007 பதிப்பில் அதை 64 ஆக்கினார்கள். ஏழே படிக்க முடியாதபோது 64 எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 2019 பதிப்பில்தான் 'இஃப்ஸ்' என்று அடுக்கில்லாத ஒன்று வந்தது.

ஒரு குறியின் விலை

இப்போது முதலில் தந்த வரிக்கு வருவோம். 'வயது > 80' என்று இருக்கிறது. அதாவது 80-க்கு மேல். நிறைந்த வயது சரியாக 80 உள்ளவர் அதில் சேரமாட்டார். 81 ஆனால்தான் கிடைக்கும். '>=' என்று இருந்திருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த காலத்தில் இதே ரகப் பிழை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எழுதியவர் மாற்றலாகிப் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஓர் அம்மாள், குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர், பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, எனக்கு எண்பது முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. கூட வரும்னு சொன்னாங்களே?" என்றார். கவுண்டரில் இருந்த இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு இன்னும் தகுதி வரலைன்னு காட்டுதே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. திரையில் அப்படித்தான் காட்டியது.

அந்த அம்மாள் மறுபடி வந்தார், மூன்றாம் முறையும் வந்தார். பிறகுதான் பிரிவில் மூத்தவர் ஒருவர் மேக்ரோவைத் திறந்தார். ஒரு வரி திரையைத் தாண்டி வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. காகிதத்தில் அச்செடுத்து, ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் பென்சிலால் ஜோடி போட்டு, அரை நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தார். அம்மாளுக்கு நிலுவையோடு பணம் வந்தது. கேட்காமல் இருந்தவர்களையும் பட்டியல் எடுத்து அனுப்பினார்கள்.

அடிப்படை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் 4,000. ஒரு வருடத்துக்கு 48,000, அதன்மேல் அகவிலை நிவாரணம் வேறு. ஒரு சமக்குறி விட்டுப்போனதன் விலை அது. எண்பது வயதில் ஒரு வருடம் காத்திருப்பது என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'80' என்ற எண்ணுக்கே பொருள் என்ன என்பது நீதிமன்றம் வரை போன விஷயம். 80-ஆம் வயது தொடங்கும் நாளா, 80 நிறையும் நாளா? இரண்டுக்கும் ஒரு வருடம் இடைவெளி. அதை மேக்ரோ தீர்க்க முடியாது. ஆனால் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறது என்பதாவது படிப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மதுரைக்காரர் தந்த சாவி

அந்த வரியில் இன்னொரு இடமும் படிப்பவரைத் தடுக்கும். 'நாட் (சான்று இல்லை ஆர் நிறுத்தம் உண்டு)'. சான்று இல்லை என்பதோ நிறுத்தம் உண்டு என்பதோ இல்லை என்றால்! இல்லைக்குள் இல்லை. இதை அவிழ்க்க ஒரு விதி இருக்கிறது. அதன் பெயரில் இருப்பவர் மதுரையில் பிறந்தவர்.

அகஸ்டஸ் டி மார்கன், 1806 ஜூன் 27-ல் மதுரையில் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1828-ல், 21 வயதில், லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். பாபேஜின் எந்திரத்தைப் பற்றி 1843-ல் புகழ்பெற்ற குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவரும் இவரே. டெல்லி ராமச்சந்திராவின் கணித நூலை 1859-ல் லண்டனில் முன்னுரையோடு வெளியிட உதவியவரும் இவர்தான். தன் வயதைக் கேட்டால் ஒரு புதிர் போடுவாராம். 'எக்ஸ் ஸ்கொயர் ஆண்டில் எனக்கு எக்ஸ் வயது.' 43-ஐ 43-ஆல் பெருக்கினால் 1849. 1849-ல் அவருக்கு வயது 43.

அவர் பெயரில் வழங்கும் விதி இது. 'இரண்டில் ஏதோ ஒன்று' என்பதை மறுத்தால், 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று ஆகும். 'இரண்டும் சேர்ந்து' என்பதை மறுத்தால், 'இது இல்லை அல்லது அது இல்லை' என்று ஆகும். இடைக்கால ஐரோப்பியத் தர்க்க அறிஞர்களும் சொல்லில் அறிந்ததுதான். குறியீட்டுத் தர்க்கத்தில் நிலைபெறச் செய்தவர் இவர். அதன்படி நம் வரி இப்படி மாறும்: சான்று உண்டு, நிறுத்தம் இல்லை. அவ்வளவுதான். நவம்பர் மாதம் வாழ்நாள் சான்று தருகிற நமக்கு இது உடனே புரியும்.

திருத்தி எழுதினால்

மேலே சொன்ன எல்லா வழியையும் சேர்த்து அந்த வரிகளைத் திருப்பி எழுதுவோம். வகை என்ற நிபந்தனையை நீக்கிவிடுகிறேன். பட்டியலில் இருப்பதே அந்த இரண்டு வகையினர்தான் என்றால் அந்தக் கேள்வியே தேவையில்லை. நீண்ட வரியில் பாதி இப்படிக் கேட்க வேண்டாத கேள்விகள்தான்.

சான்றுஉண்டு = (சான்று = "உண்டு")
நிறுத்தம்இல்லை = (நிறுத்தம் = "இல்லை")
வழங்கலாம் = சான்றுஉண்டு அண்ட் நிறுத்தம்இல்லை

இஃப் நாட் வழங்கலாம் தென் எக்ஸிட் ஃபங்ஷன்

செலக்ட் கேஸ் நிறைந்தவயது
கேஸ் இஸ் >= 100: சதவீதம் = 100
கேஸ் இஸ் >= 95: சதவீதம் = 50
கேஸ் இஸ் >= 90: சதவீதம் = 40
கேஸ் இஸ் >= 85: சதவீதம் = 30
கேஸ் இஸ் >= 80: சதவீதம் = 20
கேஸ் எல்ஸ்: சதவீதம் = 0
எண்ட் செலக்ட்

முதல் மூன்று வரிகள் பெயர் வைப்பது, கோபால் வழி. நான்காவது, தகுதியில்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுவது. அதன் பிறகு உள்ளே 'அண்ட்' தேவையே இல்லை. மிச்சம் ஹோரின் பட்டியல். மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். அதனால் பெரிய வயது மேலே இருக்க வேண்டும். '80' என்ற வரியில் சமக்குறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இப்போது பென்சில் வேண்டாம். 'வயது' என்று இருந்த பெயரை 'நிறைந்தவயது' என்று மாற்றியதால், எந்தப் பொருளில் 80 என்பதும் வெளியே தெரிகிறது.

இதைவிட நல்ல வழியும் உண்டு. வயதையும் சதவீதத்தையும் மேக்ரோவில் எழுதாமல், பேரேட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதிவிடுங்கள். 0-க்கு 0, 80-க்கு 20, 85-க்கு 30 என்று வயது ஏறுவரிசையில் 100 வரை ஆறே வரிகள். 'விலுக்கப்' என்ற கட்டளை அந்த அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடும். ஜெனரல் எலெக்ட்ரிக்காரர்கள் காகிதத்தில் கட்டம் போட்டார்கள். நமக்குக் கட்டம் போட்டே கையில் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு அரசாணை வந்து சதவீதம் மாறினால், மேக்ரோ தெரியாத எழுத்தரும் அட்டவணையில் எண்ணை மாற்றலாம். ஓய்வூதியரே வந்து கேட்டாலும் திரையைத் திருப்பி, "இதோ பாருங்கம்மா, 80-க்கு நேரே 20 இருக்கு" என்று காட்டலாம்.

பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அலுவலகத்தில் எக்செல் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களாக இருந்தால் இதைப் படிக்கக் கொடுங்கள். அவர்கள் எழுதிய மேக்ரோவில் மிக நீளமான வரி எது என்று தேடச் சொல்லுங்கள். அதைப் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டி, எந்தெந்த ஆளுக்குப் பணம் போகும், யாருக்குப் போகாது என்று வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். அவர் தடுமாறுகிற இடத்தில் வரியை உடைக்கட்டும்.